பந்தோடு ஓடாதே: கூடைப்பந்தின் முதல் விதிகள்

கபடியை யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பதில் கிடையாது. கிரிக்கெட்டும் கால்பந்தும் அப்படித்தான். ஊருக்கு ஒரு விதமாகப் பல தலைமுறை ஆடிய பிறகு யாரோ சிலர் உட்கார்ந்து விதிகளை எழுதி வைத்தார்கள். கூடைப்பந்தில் நடந்தது தலைகீழ். முதலில் விதிகளை எழுதினார்கள், பிறகுதான் ஆட்டம் ஆடப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியும்: ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஊர் தெரியும்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. நாளும் தெரியும்: 1891 டிசம்பர் 21.

புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு இது ஒரு பெரிய வசதி. பந்தோடு நடந்துவிட்டார் என்று ரெஃபரி எதற்கு 'டிராவலிங்' சொல்லிக் கைகளைச் சுழற்றுகிறார், பந்து விழும் வளையமான ரிங் ஏன் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, ஏன் சரியாகப் பத்தடி உயரம் என்று எதைக் கேட்டாலும் ஒரு காரணம் கிடைக்கும். அந்தக் காரணங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் முக்கால்வாசி ஒரே இடத்தில் போய் முடியும்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்ற ஒரு முடிவில். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

பதினெட்டு பேர், பதினான்கு நாள்

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அந்தப் பகுதியில் குளிர்காலம் என்றால் திடலெல்லாம் பனி. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடுவார்கள், வசந்தம் வந்தால் பேஸ்பால். நடுவில் இருக்கும் மாதங்களில் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அணிநடையும் கம்பிப் பயிற்சியும்தான். சின்னப் பிள்ளைகளானால் சொன்னதைச் செய்வார்கள். அந்த வகுப்பில் இருந்ததோ ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்களாகப் போகிற 18 வளர்ந்த ஆண்கள். வெளியே முரட்டு ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இந்தப் பயிற்சிகள் அலுத்துவிட்டன. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக வகுப்பு நெய்ஸ்மித்திடம் வந்தது.

கனடாவின் ஒன்டாரியோவில் அல்மான்ட் என்ற ஊரின் பக்கம் வளர்ந்தவர் நெய்ஸ்மித். மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்போது அவருக்கு வயது 30. உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் கியூலிக், உள்ளே ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்கும்படி அவருக்கு 14 நாள் அவகாசம் கொடுத்தார்.

முதலில் அவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். வெளியே ஆடும் ஆட்டங்களைக் கொஞ்சம் மாற்றி உள்ளே கொண்டுவந்தார். அமெரிக்கக் கால்பந்தில் ஆளைப் பிடித்துத் தள்ளுவதை மட்டுப்படுத்தினால் ஆட்டத்தின் உயிரே போயிற்று. உதைக்கும் கால்பந்தை உள்ளே ஆடினால் பந்து சுவரிலும் ஜன்னலிலும் மோதியது. வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறியும் லக்ராஸ் ஆட்டத்தில் கையில் மட்டை வேறு. குறுகலான இடத்தில் அடிபடாமல் யாரும் தப்பவில்லை. பத்து நாளுக்கு மேல் இப்படியே போய்விட்டது.

ஒன்றிலிருந்து ஒன்றாக

அதற்குப் பிறகு நெய்ஸ்மித் செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். ஆட்டங்களைத் தூக்கிவைத்துவிட்டு, எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தார். எல்லாவற்றிலும் பந்து இருக்கிறது. சிறிய பந்து என்றால் அதை அடிக்க மட்டை வேண்டும். மட்டை வந்தால் கற்றுக்கொள்ள நாளாகும், அடியும் படும். ஆகவே பெரிய, லேசான பந்து, கையாலேயே பிடிக்கக் கூடியது.

அடுத்த கேள்வி முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது என்பது. ரக்பியில் ஒருவரை ஏன் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்? அவர் பந்தோடு ஓடுகிறார், ஓட்டத்தை நிறுத்த வேறு வழியில்லை. ஓடவே முடியாதவரைத் தள்ளுவதற்கு அவசியமே இல்லை. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலேயே நின்று இன்னொருவருக்கு வீச வேண்டும் என்று வைத்தால் மோதலின் வேர் அறுந்துபோகிறது. 'பந்தோடு ஓடாதே' என்ற முடிவு இங்கேதான் பிறந்தது.

இதைச் சொன்னவுடன் இன்னொரு தொல்லை முளைக்கிறது. கோல் எப்படி இருக்க வேண்டும்? கால்பந்து போல நிமிர்ந்து நிற்கும் கோல் என்றால், வேகமாக எறிகிறவர்தான் ஜெயிப்பார். அடைத்த அறையில் பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள்மீது முழு பலத்தோடு பந்தை எறிந்தால் என்ன ஆகும்? வேகத்துக்குப் பயனே இல்லாத கோல் ஒன்று வேண்டியிருந்தது.

அதற்கு நெய்ஸ்மித்தின் சிறுவயது ஆட்டம் ஒன்று கைகொடுத்தது. பெயர் 'பாறை மேல் வாத்து'. ஒரு பெரிய பாறையின் தலையில் முஷ்டி அளவுக் கல் ஒன்றை வைப்பார்கள், அதுதான் வாத்து. ஒரு பையன் அதற்குக் காவல். மற்றவர்கள் தூரத்தில் கோடு கிழித்து நின்று தங்கள் கல்லால் வாத்தைத் தட்டிவிட வேண்டும். பலமாக எறிந்து குறி தப்பினால் கல் எங்கோ போய் விழும். அதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் காவல்காரப் பையன் தொட்டுவிடுவான். மேலே தூக்கி வளைவாகப் போட்டவனுக்குக் கல் பாறைக்குப் பக்கத்திலேயே விழும், எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். வேகத்தைவிட வளைவுதான் அங்கே லாபம். கோலைப் படுக்க வைத்துவிட்டால் இங்கேயும் அப்படித்தான்.

படுத்த கோலைத் தரையில் வைத்தால் எதிரணி ஒன்பது பேரும் அதைச் சுற்றி வளையமாக நின்றுகொள்வார்கள், பந்து உள்ளே போகாது. ஆகவே தலைக்கு மேலே தூக்கிவிட்டார். ஆட்டத்தைத் தொடங்க நடுவில் இரண்டு பேரை நிற்க வைத்துப் பந்தை மேலே எறிவது என்று முடிவு செய்தார். எல்லோரும் பாய்வதைவிட இருவர் குதிப்பதில் காயம் குறைவு.

படுத்த வளையத்தின் கணக்கு

நெய்ஸ்மித்தின் இந்த யோசனை எவ்வளவு கச்சிதமானது என்பதை இன்றைய அளவுகளை வைத்தே பார்க்கலாம். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ. நேர் மேலிருந்து பந்து இறங்கினால் அதற்கு முழு 45 செ.மீ. வாய் திறந்திருக்கிறது. சாய்வாக வந்தால் வளையம் அதன் பார்வைக்கு நீள்வட்டமாகச் சுருங்கிவிடும். தரைமட்டத்தோடு 60 டிகிரிச் சாய்வில் இறங்கினால் 39 செ.மீ., 45 டிகிரியில் சுமார் 32 செ.மீ. 30 டிகிரிக்கு வந்தால் 22.5 செ.மீ.தான் மிச்சம், 24 செ.மீ. பந்து அதற்குள் நுழையாது. முன்விளிம்பில் இடிக்கும், அல்லது ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டில் பட்டுத்தான் விழ வேண்டும். 32 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் வரும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போவது நடக்காத காரியம்.

ஆரம்பத்தில் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இதுதான். தூரம் போதாது என்று பயந்து பலமாக, நேராக எறிகிறார்கள். பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. 'இன்னும் பலமாக' என்று சொல்வதால் இது தீராது; 'இன்னும் மேலே' என்று சொல்ல வேண்டும்.

கூடையும் தாளும்

ஆட்டம் மனத்தில் தயார். பந்துக்குக் கால்பந்தை எடுத்தார். அணைத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே செய்த ரக்பி பந்து இதற்கு உதவாது. கோலுக்குப் பதினெட்டு அங்குலப் பெட்டி இரண்டு கிடைக்குமா என்று கட்டடத்தைப் பராமரித்தவரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடை இரண்டு இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதில் வேறு மாதிரி வந்திருந்தால் விளையாட்டின் பெயரே மாறியிருக்கும்.

கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி நடைபாதையில், கைப்பிடியின் கீழ்க் கட்டையில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கட்டை தரையிலிருந்து பத்தடியில் இருந்தது. இன்று உலகம் முழுவதும் ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு மாடியின் அளவுதான். ஆராய்ச்சி செய்து யாரும் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அது நன்றாகவே அமைந்துவிட்டது: உயரமான ஆளுக்கும் குதித்தால்தான் எட்டும், குட்டையானவருக்கும் எறிந்தால் போய்ச் சேரும்.

பதின்மூன்று விதிகளை எழுதி, பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இரண்டு தாள்கள். (அந்தத் தாள்கள் 2010 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.) 18 பேரை இரண்டாகப் பிரித்தால் அணிக்கு ஒன்பது பேர். அதனால்தான் முதல் ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 1–0. அந்த ஒரு கோலை வில்லியம் சேஸ் என்ற மாணவர் ஏறக்குறைய 25 அடி தூரத்திலிருந்து போட்டார். 'நெய்ஸ்மித் பந்து' என்று பெயர் வைக்கலாம் என்று ஃபிராங்க் மஹான் என்ற மாணவர் சொல்ல, நெய்ஸ்மித் சிரித்து மறுத்தார்; அப்படியானால் 'பாஸ்கெட் பால்' என்றார் மஹான். அது நிலைத்தது. 1892 ஜனவரியில் பள்ளியின் இதழில் விதிகள் அச்சாயின. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னால் முதல் ஆட்டம்: மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1.

அந்தப் பதின்மூன்றில் என்ன இருந்தது

இன்றைய விதிநூல் தடித்த புத்தகம். முதல் விதிகளை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். பந்தை ஒரு கையாலோ இரு கையாலோ எந்தத் திசையிலும் வீசலாம். திறந்த கையால் தட்டலாம். முஷ்டியால் குத்தக் கூடாது. கையால்தான் பிடிக்க வேண்டும், உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது விதிதான் அச்சாணி. பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே வீச வேண்டும். அதிலேயே ஒரு சலுகையும் சேர்த்திருந்தார்: வேகமாக ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவர் உடனே நிற்க முயன்றால், ஓரிரு அடி தாண்டுவதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். மனித உடல் சட்டென்று நிற்காது என்பது அவருக்குத் தெரியும். இன்று டிராவலிங் விதியில் பிவட் கால் (ஊன்றியபடியே திரும்பும் கால்), எத்தனை அடி என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருப்பது இந்த ஒரு வரிச் சலுகையின் விரிவுதான்.

ஐந்தாவது விதி தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, அடிப்பது, காலை வாருவது எல்லாவற்றையும் தடுக்கிறது. முதல் தடவை ஃபவுல். இரண்டாம் தடவை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தது தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே. அவருக்குப் பதில் ஆளும் இறக்க முடியாது.

அணித் தண்டனை ஏழாவது விதியில். ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். 'தொடர்ந்து' என்றால் நடுவில் எதிரணி ஒரு ஃபவுலும் செய்யாமல் இருக்க வேண்டும். சிவப்பு அணி இரண்டு ஃபவுல் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நீல அணி ஒன்று செய்தால் சிவப்பின் கணக்கு அழிந்து பூஜ்யம். நீலத்தின் கணக்கு ஒன்று. சிவப்பு மறுபடி முதலிலிருந்து மூன்று செய்தால்தான் நீலத்துக்குக் கோல்.

பந்து கூடைக்குள் விழுந்து அங்கேயே தங்கினால்தான் கோல். விளிம்பில் பந்து நிற்கும்போது எதிரணியினர் கூடையை அசைத்தால் அதுவும் கோல்தான். பந்து எல்லைக்கு வெளியே போனால் அதை முதலில் தொட்டவருக்கு ஐந்து நொடி, அதற்குள் உள்ளே எறிய வேண்டும். நேரம் 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட ஓய்வு. சமநிலையில் முடிந்தால், இரு தலைவர்களும் ஒத்துக்கொண்டால் அடுத்த கோல் விழும்வரை ஆடலாம்.

நடுவர்கள் இருவர். வேலைப் பிரிவினை அழகானது: அம்பயர் ஆட்களைப் பார்ப்பார், ரெஃபரி பந்தைப் பார்ப்பார். ஃபவுல் எழுதுவது அம்பயர். கோல், நேரம், பந்து யாருடையது என்பதெல்லாம் ரெஃபரி.

இந்தப் பட்டியலில் ட்ரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது) இல்லை, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் எறிவது) இல்லை, போர்டு இல்லை, ஐந்து பேர் என்ற எண்ணும் இல்லை. இவையெல்லாம் ஆட்டத்தோடு பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஓட்டையை அடைக்கவோ, ஓர் ஓட்டையின் வழியாகவோ பின்னால் வந்து சேர்ந்தது.

ஓட்டைகளும் அடைப்புகளும்

முதலில் கூடை. அடி மூடிய கூடை என்பதால் கோல் விழுந்ததும் யாராவது ஏணியிலோ மாடியிலோ ஏறிப் பந்தை எடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு கோல் என்றால் பரவாயில்லை. ஆட்டக்காரர்கள் தேறத் தேற இது பெரும் இடைஞ்சலாயிற்று. கம்பிக் கூடை வந்தது. பிறகு இரும்பு வளையமும் கயிற்று வலையும் வந்தன. வலையின் அடியும் மூடித்தான் இருந்தது, ஒரு கயிற்றை இழுத்தால் பந்து விழும். அடி திறந்த வலை எங்கும் வழக்கத்துக்கு வர 20ஆம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆயின.

போர்டின் கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கூடை மாட்டியிருந்தது மாடிக் கைப்பிடியில். மாடியில் நிற்பவர்கள் ரசிகர்கள். தங்கள் அணியின் பந்து வந்தால் கையை நீட்டி உள்ளே தள்ளுவார்கள், எதிரணியின் பந்தென்றால் தட்டிவிடுவார்கள். இதைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் கம்பி வலைத் தடுப்பு வைத்தார்கள். அவ்வளவுதான் நோக்கம், ஒரு வேலி. ஆனால் வேலியில் பட்ட பந்து திரும்பி வந்தது. பட்டுத் திரும்பும் கோணத்தைப் பயன்படுத்திக் கூடையில் போடலாம் என்று கண்டுகொண்டார்கள்; தவறிய பந்து திரும்பி உள்ளேயே விழ, அதற்குப் போட்டி வந்தது. பேங்க் ஷாட், ரீபவுண்ட், ஓடிவந்து கூடையருகே எழும்பிப் போடும், இன்று பழகுநர்க்கு முதலில் சொல்லித்தரும் லே-அப் எல்லாம் ரசிகர்களின் கையைத் தடுக்க வைத்த வேலியிலிருந்து வந்தவை. கம்பி வலை நாளாக நாளாகப் பள்ளம் விழும். எந்தப் பள்ளத்தில் பட்டால் பந்து எப்படித் திரும்பும் என்பது சொந்த ஊர் அணிக்கு மட்டும் மனப்பாடம். அந்த அநியாயத்தால் பலகை வந்தது, பின் கண்ணாடியும் வந்தது.

எல்லைக்கோட்டு விதி இன்னும் மோசமாகப் போயிற்று. முதலில் தொட்டவருக்கே பந்து என்றால், பந்து வெளியே போனதும் இரு அணியும் அதன்பின் பாயும். மாடிக்குப் போனால் ஒரு கூட்டம் படியேறி ஓடும், இன்னொரு கூட்டம் தங்களில் ஒருவரைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றும். மோதலைத் தவிர்க்கவே செய்த ஆட்டத்தில் மிகப் பெரிய மோதல் கோட்டுக்கு வெளியே நடந்தது. தொழில்முறை அணிகள் 1890களின் பிற்பாதியில் தளத்தைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டே கட்டிவிட்டன. ஆட்டக்காரர்களைக் கூண்டுக்காரர்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதியது அதனால்தான். கடைசியாக எந்த அணி தொட்டு வெளியே போனதோ அதன் எதிரணிக்குப் பந்து என்ற எளிய தீர்வு 1913 வாக்கில்தான் வந்தது.

ஃபவுலுக்கு வருவோம். மூன்று ஃபவுலுக்கு ஒரு கோல் என்ற விதியில் முதல் இரண்டு ஃபவுலுக்கு அணிக்கு உடனடி நஷ்டம் ஏதுமில்லை. கணக்குத் தெரிந்தவர் அதைப் பயன்படுத்தத்தானே செய்வார்? ஆகவே 1894இல் ஃப்ரீ த்ரோ வந்தது. கோடு முதலில் 20 அடியில். சீக்கிரமே 15 அடிக்கு நகர்ந்து, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. 1896 வாக்கில் ஆட்டத்தின் நடுவே போடும் ஃபீல்டு கோலுக்கு 2, ஃப்ரீ த்ரோவுக்கு 1 என்ற கணக்கும் நிலைபெற்றது. இதிலும் ஓர் ஓட்டை இருந்தது: அடிபட்டவரே எறிய வேண்டும் என்று விதியில் இல்லை. குறி தப்பாத ஒருவரை வைத்துக்கொண்டு, அணிக்குக் கிடைக்கும் எல்லா ஃப்ரீ த்ரோவையும் அவரே போடுவார். 1920களின் நடுவில்தான் அடிபட்டவரே எறிய வேண்டும் என்று மாற்றினார்கள்.

ஆள் எண்ணிக்கையும் திட்டமாக இல்லை. இடத்துக்கேற்ப ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஆடினார்கள். 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழக மாணவர்களும் ஐந்துக்கு ஐந்தாக ஆடிய ஆட்டம் 15–12 என்று சிகாகோவுக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஐந்து என்பது விதியாகிவிட்டது.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தை நடுவுக்குக் கொண்டுபோய் இருவருக்கிடையே மேலே எறிந்து ஜம்ப் பால் போடும் வழக்கம் வெகுகாலம் நீடித்தது. நடுவில் குதிக்க உயரமான சென்டர் ஒருவர் இருந்தால் கோலும் நமக்கு, அடுத்த பந்தும் நமக்கு. 1937இல் அதை நீக்கினார்கள். கோல் வாங்கிய அணி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எடுத்து ஆடியது. இன்று நாம் பார்க்கும் நிற்காத ஓட்டம் அப்போதுதான் தொடங்கியது.

ட்ரிபிள் எப்படி நுழைந்தது

கையில் பந்து, சுற்றி மூன்று எதிரிகள், வீச ஆள் இல்லை, நகரவும் கூடாது. இந்த நெருக்கடியில் ஓர் ஆட்டக்காரர் என்ன செய்வார்? பந்தைக் காலியிடத்தில் உருட்டிவிட்டு அல்லது தூக்கிப் போட்டுவிட்டுத் தானே ஓடிப் பிடிப்பார். 'பந்தோடு ஓடினாய்' என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும்போது பந்து அவர் கையில் இல்லையே. விதியின் எழுத்து அதைத் தடுக்கவில்லை. ஒரு தட்டு இரண்டானது, இரண்டு பலவானது. சிலர் தலைக்கு மேலே பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள்.

அன்றைய பந்தில் இது லேசான வேலை இல்லை. தோல் பந்தின் ஒரு பக்கம் காற்றுப்பையை நுழைக்க வாய் வைத்து, ஷூ லேஸ் போலக் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். அந்த மேடு தரையில் பட்டால் பந்து ஒரு பக்கமாகத் துள்ளும். தையலும் சீராக இருக்காது, சில வாரம் ஆடினால் உருண்டையும் கோணும். 1894இல் கால்பந்தைவிடச் சற்றுப் பெரிதாகக் கூடைப்பந்துக்கென்றே பந்து செய்தபோதும் லேஸ் இருந்தது. லேஸ் இல்லாத பந்து வர 1930களின் பிற்பகுதி ஆகிவிட்டது. பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு ஓடும் இன்றைய ட்ரிபிளுக்கு அந்தப் பந்தும் ஒரு காரணம்.

விதி எழுதுவோருக்கு ட்ரிபிள் நெடுநாள் கண்ணில் விழுந்த தூசிதான். 1898இல் இரு கையாலும் திரும்பத் திரும்பத் தட்டக் கூடாது என்றார்கள். இன்றைய 'டபுள் ட்ரிபிள்' குற்றத்தின் விதை அது. 1901இல் ட்ரிபிள் செய்தவர் கோல் போடக் கூடாது என்றுகூட ஒரு விதி வந்து, பின்னால் நீக்கப்பட்டது. 1927இல் ஒரே ஒரு தட்டுதான் என்று குறைக்கவே முடிவெடுத்தார்கள். பயிற்சியாளர்கள் கொதித்தெழுந்தார்கள், முடிவு திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம் உருவானதே அந்தச் சண்டையில்தான். நெய்ஸ்மித்துக்கோ ட்ரிபிள் பிடித்திருந்தது. மோதாமல் நெருக்கடியிலிருந்து தப்பும் வழி அது.

பெண்கள் ஆடிய ஆட்டம்

ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான நார்தாம்டனில் ஸ்மித் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் 1892இலேயே இந்த ஆட்டத்தை மாணவியரிடம் கொண்டுபோனார். 1893 மார்ச் 22 அன்று வகுப்புகளுக்கிடையே போட்டி. ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் மூச்சு வாங்க ஓடக் கூடாது என்று நம்பிய காலம் அது. அதற்கு ஏற்பத் தளத்தை மூன்றாகப் பிரித்தார், ஒருவர் தன் பகுதியைத் தாண்டக் கூடாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் கூடாது, மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. 1896இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகப் பெண்கள் மோதிய ஆட்டம் 2–1. பகுதி பிரித்து ஆடும் முறை ஒருவகையில் நீண்டகாலம் உயிரோடு இருந்தது. அயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறுக்கு ஆறு பெண்கள் ஆட்டம் 1993 வரை நடந்தது.

ஆட்டம் உலகம் முழுக்கப் பரவியது ஒய்.எம்.சி.ஏ. வழியாக. முதல் ஆட்டத்தில் ஆடிய வகுப்பைச் சேர்ந்த டங்கன் பேட்டன் 1894இல் இந்தியாவுக்கு வந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிற கல்லூரிதான் அது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டானபோது நெய்ஸ்மித் நேரில் இருந்தார். திறந்தவெளித் தளம், இறுதி நாளில் மழை, சேற்றில் பந்து எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8.

1891 ஆட்டத்தை ஆடிப் பார்க்க

படித்துப் புரிவதைவிட ஆடினால் சீக்கிரம் புரியும். பள்ளியில் 18 பேர் இருந்தால் போதும். சாதாரணக் கால்பந்து ஒன்று, இப்போதுள்ள ரிங் இரண்டு. கோல் ஒன்றுக்கு ஒரே புள்ளி. 1892இல் நெய்ஸ்மித் சொன்ன அமைப்பிலேயே நிறுத்துங்கள்: தன் கூடை அருகே கோல்கீப்பர் ஒருவர், முன்னால் காவலர் இருவர், நடுவில் மூவர், பக்கவாட்டில் இருவர், எதிரணிக் கூடையடியில் ஒருவர். அம்பயர் கையில் சிலேட்டு. ஃபவுலுக்கு ஒரு கோடு, எதிரணி ஃபவுல் செய்தால் அழித்துவிட வேண்டும். ரெஃபரி கையில் கடிகாரம். எல்லைக்கோட்டு விதியை மட்டும் அப்படியே வைக்காதீர்கள், முழங்கால் உடையும். கடைசியாகத் தொட்ட அணியின் எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பந்தைச் சுற்றி ஒரே குவியலாக நிற்பார்கள். பந்தைப் பிடித்தவர் பழக்கத்தில் தரையில் தட்டத் தொடங்குவார். 'நில், வீசு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு மாற்றம் தெரியும். ஓட முடியாது என்று தெரிந்ததும், பந்து இல்லாதவர்கள் ஓடத் தொடங்குவார்கள். காலியிடம் தேடி ஓடிக் கை உயர்த்துவார்கள். இன்றைய பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்திச் சொல்லித்தரும் பாடம் அது. இங்கே விதியே சொல்லித்தந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் ஆட விடுங்கள். மூலையில் மூன்று பேரிடம் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளை, வீச ஆளில்லாமல், பந்தைப் பக்கவாட்டில் உருட்டிவிட்டு ஓடிப்போய்த் தானே பிடிக்கும். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதின்மூன்று விதிகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். விசில் ஊத அதில் ஒரு வரியும் இருக்காது.